80,000 ரூபாய்க்குள் கேமிங் லேப்டாப்: ஸ்டோரேஜில் எதற்குக் காசு கொடுக்கலாம்?

கல்லிடைக்குறிச்சியில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பாளையங்கோட்டையில் இன்ஜினியரிங் முதல் வருஷம் சேர்கிறார், ஹாஸ்டல் வாசம். வீட்டில் 80,000 ரூபாய்க்குள் லேப்டாப் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கையில் இரண்டு மாடல்கள். ஒன்றில் 1 டி.பி எஸ்.எஸ்.டி (சுழலும் பாகம் இல்லாத சேமிப்பு டிரைவ்) இருக்கிறது, கிராஃபிக்ஸ் கார்டு ஒரு படி குறைவு. இன்னொன்றில் கார்டு நல்லது, ஆனால் 512 ஜி.பி.தான். வண்ணார்பேட்டைக் கடைக்காரர் '7000 ஸ்பீடு உள்ள ஜென் 4 எஸ்.எஸ்.டி போட்டால்தான் கேம் பறக்கும்' என்கிறார் (ஜென் என்பது டிரைவ் இணைப்பின் தலைமுறை). ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2, ஜி.டி.ஏ 5, வேலரன்ட் விளையாட ஆசை. ஊரில் நெட் என்றால் போன் ஹாட்ஸ்பாட் மட்டும், ஒரு நாளைக்கு 2 ஜி.பி. எதை எடுப்பது, கூட உள்ளேயோ எக்ஸ்டர்னலாகவோ ஹார்டு டிஸ்க் வேண்டுமா என்பது கேள்வி.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன் தம்பி. கார்டு நல்லதாக இருக்கும் மாடலை எடுங்கள். அதில் இரண்டாவது எம்.2 ஸ்லாட் (எஸ்.எஸ்.டி செருகும் இடம்) காலியாக இருக்கிறதா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். இப்போதைக்கு 512 போதும். ஆறு மாதமோ ஒரு வருஷமோ கழித்து, நடுத்தர விலையில் ஒரு 1 டி.பி எஸ்.எஸ்.டி கூடச் சேருங்கள். வேகத்துக்கு என்று ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்க வேண்டாம். உங்கள் நிலைமைக்கு வேகத்தைவிட இடம்தான் முக்கியம். அதற்குக் காரணம் கேம் இல்லை, உங்கள் ஊர் நெட்.

கார்டு ஏன் முதலில் என்றால், லேப்டாப்பில் கிராஃபிக்ஸ் சிப் மதர்போர்டோடு சேர்த்துப் பற்றவைத்தது. நாலு வருஷமும் அதோடுதான் ஓட்ட வேண்டும், பிறகு மாற்ற வழியே இல்லை. எஸ்.எஸ்.டி அப்படி இல்லை. பின்மூடியைக் கழற்றி, ஒரு ஸ்க்ரூவைத் திருகினால் வேலை முடிந்தது. பிறகு மாற்ற முடியாததற்கு இப்போது காசைப் போடுங்கள், மாற்ற முடிவதைத் தள்ளிப் போடுங்கள். ரேம் 8 ஜி.பி மட்டும் இருந்தால், எஸ்.எஸ்.டி.க்கு முன்னால் அதை 16 ஆக்குவதுதான் முதல் செலவு. ரேம் பத்தாமல் திணறும் லேப்டாப்பில் எந்த டிரைவைப் போட்டாலும் திணறல் போகாது.

சரி, 512 என்பது உண்மையில் எவ்வளவு? விண்டோஸில் திறந்து பார்த்தால் 476 என்று காட்டும். கம்பெனிக்காரர் ஆயிரத்தால் பெருக்கிக் கணக்குச் சொல்கிறார், விண்டோஸ் 1024-ஆல் வகுத்துக் காட்டுகிறது, அவ்வளவுதான், யாரும் ஏமாற்றவில்லை. 1 டி.பி என்று எழுதியிருப்பதும் 931 என்றுதான் தெரியும். விண்டோஸ், அதன் அப்டேட்கள், ரெக்கவரி பகுதி, காலேஜுக்கு வேண்டிய மேட்லேப், ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ மாதிரி சாஃப்ட்வேர்கள், கொஞ்சம் படம், பாட்டு எல்லாம் சேர்ந்தால் 120, 130 ஜி.பி தாராளமாகப் போய்விடும். மிச்சம் சுமார் 340. அதையும் முழுக்க நிரப்பக் கூடாது, காரணம் பிறகு சொல்கிறேன். நீங்கள் எழுதியிருக்கும் ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-க்கு 150 ஜி.பி வேண்டும். ஜி.டி.ஏ 5 நூறைத் தாண்டும். வேலரன்ட் சின்னதுதான், அதைப் பற்றிக் கவலை இல்லை. ஆக 512-இல் பெரிய கேம் இரண்டு, சின்னது ஒன்று. முதல் வருஷத்துக்கு இது போதுமா என்றால், போதும். மூன்றாவதாக ஒரு பெரிய கேம் வரும்போது ஒன்றை அழிக்க வேண்டிவரும்.

நெட் கணக்கு அங்கேதான் வருகிறது. நொடிக்கு 100 மெகாபிட் வேக ஃபைபர் இருக்கிற வீட்டில் 100 ஜி.பி கேமை இறக்க இரண்டே கால் மணி நேரம் ஆகும், லைன் முழு வேகத்தில் கிடைத்தால். அந்த வீட்டுப் பையன் 512-ஐ வைத்தே நாலு வருஷத்தை ஓட்டிவிடலாம். முடித்த கேமை அழிப்பான், வேண்டும்போது மறுபடி இறக்குவான். உங்களுக்கு ஒரு நாளைக்கு 2 ஜி.பி பேக். அதே 100 ஜி.பி.க்கு 50 நாள், அதுவும் வேறு எதற்கும் நெட்டைத் தொடாமல் இருந்தால். இந்த நிலையில் கேமை அழிப்பது என்பது அதை இழப்பதற்குச் சமம். பெருமாள்புரத்தில் ஃபைபர் வைத்திருக்கும் நண்பருக்குச் சரியாக இருக்கும் யோசனை கல்லிடைக்குறிச்சியில் இருக்கும் உங்களுக்குச் சரிப்படாது. எத்தனை ஜி.பி வாங்கலாம் என்று யார் கேட்டாலும், வீட்டில் நெட் எப்படி என்று திருப்பிக் கேட்காமல் நான் பதில் சொல்வதில்லை.

இனி வேகம். கடைக்காரர் சொன்ன 7000 பொய்யில்லை. நொடிக்கு 7000 எம்.பி படிக்கும் ஜென் 4 டிரைவ்கள் இருக்கின்றன. ஜென் 3 என்றால் 3500 வரை, பழைய சாட்டா எஸ்.எஸ்.டி என்றால் 550 வரை, சுழலும் ஹார்டு டிஸ்க் என்றால் நூற்றுச் சொச்சம். ஆனால் அந்த எண்கள் எல்லாம் ஒரே பெரிய ஃபைலை வரிசையாகப் படிக்கும்போது வருபவை. கேம் லோட் ஆகும்போது நடப்பது அது இல்லை. ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகளை இங்கொன்றும் அங்கொன்றுமாக எடுத்து, சுருக்கி வைத்திருப்பதை பிராசஸர் விரித்து, பிறகு கார்டுக்கு அனுப்ப வேண்டும். அங்கே தாமதம் பெரும்பாலும் பிராசஸர் பக்கம்தான். ஹார்டு டிஸ்கில் இருந்து ஏதாவது ஒரு எஸ்.எஸ்.டி.க்கு மாறினால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும், நிமிஷக் கணக்கு நொடிக் கணக்காகும். சாட்டா எஸ்.எஸ்.டி.யில் இருந்து என்.வி.எம்.இ.க்கு (ஜென் 3, ஜென் 4 எல்லாம் இந்த வகைதான்) போனால் பெரும்பாலான கேம்களில் சில நொடி மிச்சம். ஜென் 3-இல் இருந்து ஜென் 4-க்குப் போனால், கடிகாரம் வைத்துப் பார்த்தால்தான் உண்டு. எஃப்.பி.எஸ், அதாவது திரையில் நொடிக்கு எத்தனை படம் என்பது, ஏறுமா என்றால் ஏறாது. அது கார்டு, பிராசஸர், ரேம் மூன்றின் வேலை.

டிரைவில் இருந்து கார்டுக்கு வேகமாக அள்ளிக்கொண்டு போக டைரக்ட்ஸ்டோரேஜ் என்று மைக்ரோசாஃப்ட் ஒரு வழி கொண்டுவந்தது. 2023 ஜனவரியில் வந்த ஃபோர்ஸ்போக்கன் அதைப் பயன்படுத்திய முதல் பி.சி கேம். அதற்குப் பிறகும் அதை உண்மையாகப் பயன்படுத்தும் கேம்கள் கொஞ்சம்தான். அதற்காக இப்போதே காசைக் கட்ட வேண்டாம். ஜென் 5 என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

ஆனால் எஸ்.எஸ்.டி என்பது இப்போது கட்டாயம், அதில் சந்தேகம் வேண்டாம். ஸ்டார்ஃபீல்டு, பால்டர்ஸ் கேட் 3 எல்லாம் குறைந்தபட்சத் தேவையிலேயே எஸ்.எஸ்.டி என்றுதான் போட்டிருக்கின்றன. சைபர்பங்க் 2077-உம் 2023-இல் அதற்கு மாறிவிட்டது. ஹார்டு டிஸ்கில் வைத்து ஓட்டினால் கேமில் வரும் ஊரின் ஒரு தெருவில் இருந்து அடுத்த தெருவுக்கு வண்டி திரும்பும்போது கட்டடம் வரக் காத்திருக்க வேண்டிவரும். அதனால் 'உள்ளே ஒரு 1 டி.பி ஹார்டு டிஸ்க் போட்டுக்கலாம்' என்ற யோசனையை விட்டுவிடுங்கள். இப்போது வரும் கேமிங் லேப்டாப்களில் பெரும்பாலும் இரண்டரை இன்ச் டிஸ்க் வைக்கும் இடமே கிடையாது, அந்த இடத்தையும் பேட்டரி எடுத்துக்கொள்கிறது.

வேகத்துக்குப் பதிலாக எதைப் பார்ப்பது? டி.எல்.சி.யா, கியூ.எல்.சி.யா என்று பாருங்கள். இதைத்தான் கடையில் யாரும் சொல்வதில்லை. ஒரு செல்லில் மூன்று பிட் வைத்தால் டி.எல்.சி, நாலு பிட் வைத்தால் கியூ.எல்.சி. நாலு வைத்தால் விலை குறையும், ஆனால் எழுதுவது மெதுவாகும், ஆயுளும் குறையும். மெதுவாக எழுதுவது தெரியாமல் இருக்க, டிரைவின் ஒரு பகுதியை ஒற்றை பிட் வேகத்தில் வைத்து முதலில் அதில் வாங்கிக்கொள்வார்கள். நெல் மூட்டையை வண்டியில் இருந்து முதலில் திண்ணையில் அடுக்கிவிட்டு, பிறகு நிதானமாக உள்ளே கொண்டுபோவது மாதிரி. திண்ணை நிறைந்துவிட்டால் வண்டி தெருவில் நிற்கும். சில மலிவான கியூ.எல்.சி டிரைவ்களில் அந்த நேரத்தில் எழுதும் வேகம் நொடிக்கு 100 எம்.பி.க்கு வந்துவிடும், அதாவது ஹார்டு டிஸ்க் வேகம். டிரைவ் நிரம்ப நிரம்பத் திண்ணையும் சுருங்கும். முழுக்க நிரப்பாதீர்கள் என்று மேலே சொன்னது இதற்குத்தான். எப்போதும் 15 சதவீதமாவது காலியாக இருக்கட்டும்.

ஆனால் இது எழுதும்போது மட்டும் வரும் சிக்கல். கேம் விளையாடுவது கிட்டத்தட்ட முழுக்கப் படிக்கும் வேலை. அதனால் என் கருத்து இது: விண்டோஸ் இருக்கும் டிரைவ் டி.எல்.சி.யாக இருக்க வேண்டும். வெறும் கேம் வைக்கும் இரண்டாவது டிரைவ் கியூ.எல்.சி.யாக இருந்தாலும் குற்றமில்லை, விலை நன்றாகக் குறைந்தால் மட்டும். நூறு இருநூறு ரூபாய் வித்தியாசத்துக்கு டி.எல்.சி.யை விடாதீர்கள்.

பெட்டியிலோ கம்பெனி இணையப் பக்கத்திலோ டி.பி.டபிள்யூ என்று ஒரு எண் இருக்கும். மொத்தம் எத்தனை டி.பி எழுதும்வரை வாரன்டி என்று அர்த்தம். டி.எல்.சி.யா, கியூ.எல்.சி.யா என்று சொல்லாத டிரைவ்களை இதை வைத்தே ஓரளவு மதிப்பிடலாம். 1 டி.பி டிரைவ் என்றால் டபிள்யூ.டி எஸ்.என் 580, எஸ்.என் 770, சாம்சங் 980 இவற்றுக்கெல்லாம் 600. குரூஷியல் பி3-க்கு 220, அது கியூ.எல்.சி. கிங்ஸ்டன் என்.வி 2-க்கு 320. அதில் ஒரே பெயரில் உள்ளே இருக்கும் பாகங்கள் மாறி மாறி வரும், அதனால் ஒருவர் சொல்லும் அனுபவம் உங்களுக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. 220 என்று பார்த்துப் பயப்படவும் வேண்டாம். தினமும் 50 ஜி.பி எழுதினாலும் வருஷத்துக்கு 18 டி.பி.தான், பன்னிரண்டு வருஷம் ஆகும். டிராம் (டிரைவுக்கென்றே உள்ளே வைக்கும் சின்ன மெமரி) இல்லாத டிரைவ் என்று சிலர் ஒதுக்குவார்கள். லேப்டாப் ரேமில் கொஞ்சத்தைக் கடன் வாங்கிக்கொள்ளும் எச்.எம்.பி வசதி இப்போது பெரும்பாலானவற்றில் இருக்கிறது, கேமுக்கு அதுவே போதும்.

டிராம் இல்லாத நடுத்தர டிரைவைச் சொல்வதற்கு விலை மட்டும் காரணம் இல்லை, நம் ஊர் வெயிலும் காரணம். சித்திரை, வைகாசியில் பாளையங்கோட்டையில் ஏ.சி இல்லாத ஹாஸ்டல் அறையில், ஃபேன் காற்றே சுடும். எஸ்.எஸ்.டி.க்கள் பொதுவாக 70 டிகிரி வரை வேலை செய்யும் என்று கம்பெனிகள் சொல்கின்றன. லேப்டாப்புக்குள் அது கார்டுக்கும் பிராசஸருக்கும் பக்கத்தில், மூடிய இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. சூடு எல்லை தாண்டினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 7000 வேக டிரைவ்களில் பல மின்சாரத்தையும் கூட எடுத்து, சூட்டையும் கூடத் தரும். அதிகக் காசு கொடுத்து வாங்கிய வேகம், மே மாதத்தில் உங்களுக்குக் கிடைக்காமலே போகும். நடுத்தர டிரைவ் குளிர்ச்சியாகவும் ஓடும், பேட்டரியையும் குறைவாகத் தின்னும். லேப்டாப்பை மெத்தை மேல் வைத்து விளையாடாதீர்கள், பின்பக்கம் ஒரு இன்ச் தூக்கி வையுங்கள். ஹீட்சிங்க் (சூட்டை இழுக்கும் உலோகத் தகடு) ஒட்டிய எஸ்.எஸ்.டி டெஸ்க்டாப்புக்கு, லேப்டாப்பில் மூடி மூடாது.

பொருந்துமா என்பதை வாங்கும் முன்னே பார்த்துவிடுங்கள். எம்.2 டிரைவில் 2280 என்றால் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம். 2242 என்பது 42 மி.மீ. நீளமுள்ள குட்டி. லெனோவோ லாக் மாதிரி சில மாடல்களில் கம்பெனி போட்டு அனுப்புவது இந்தக் குட்டி டிரைவ்தான். ஒரு ஸ்லாட்டில் 2280 உட்காரும், இன்னொன்றில் உட்காராது என்பதும் உண்டு. ஒரே மாடல் பெயரில் ஒற்றை ஸ்லாட் உள்ளதும் இரட்டை ஸ்லாட் உள்ளதும் வரலாம். அதனால் பெட்டியில் இருக்கும் முழு மாடல் நம்பரை வைத்துத் தேடுங்கள். லெனோவோவுக்கு பி.எஸ்.ரெஃப் என்ற இணையப் பக்கத்தில் எல்லாம் இருக்கிறது. எச்.பி.க்கு சர்வீஸ் கையேடு பி.டி.எஃப் ஆகக் கிடைக்கும். ஸ்லாட் இருந்தும் ஸ்க்ரூ கொடுக்காமல் விடுவதும் நடக்கிறது, கடையிலேயே கேட்டு வாங்குங்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் எம்.2 சாட்டா டிரைவை வாங்கிவிடாதீர்கள், புது லேப்டாப்களில் பெரும்பாலும் வேலை செய்யாது. பெட்டியில் என்.வி.எம்.இ என்று இருக்க வேண்டும். மூடியைத் திறந்தால் வாரன்டி என்ன ஆகும் என்பதை சர்வீஸ் சென்டரில் மெயிலில் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது வாங்குவது என்பதில் ஒரு சங்கடம் இருக்கிறது. 2025 கடைசியில் இருந்து ரேம், எஸ்.எஸ்.டி இரண்டின் விலையும் ஏறிவருகிறது. ஏ.ஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதுதான் காரணம். மைக்ரான் கம்பெனி, பட்ஜெட்காரர்களுக்குப் பழக்கமான குரூஷியல் பிராண்டையே நிறுத்தப் போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. முன்பெல்லாம் 'காத்திருங்கள், விலை இறங்கும்' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். இப்போது அப்படிச் சொல்ல மாட்டேன். லேப்டாப் வாங்கும் அன்றைக்கே 512-க்கும் 1 டி.பி.க்கும் அதே மாடலில், அதே கார்டோடு என்ன வித்தியாசம் என்று கேளுங்கள். தனியாக ஒரு 1 டி.பி வாங்கும் விலையில் பாதிக்குள் அந்த வித்தியாசம் இருந்தால், அப்போதே 1 டி.பி எடுத்துவிடலாம். இல்லையென்றால் பிறகு சேர்ப்பதே நல்லது. சேர்த்தால் கையில் ஒன்றரை டி.பி இருக்கும்.

வண்ணார்பேட்டையில் விசாரித்த விலையை ஆன்லைன் விலையோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் சில நூறு என்றால் உள்ளூரிலேயே வாங்குங்கள். டிரைவ் கெட்டால் நேரில் போய் நிற்க ஒரு இடம் இருக்கிறது. ஜி.எஸ்.டி பில் கட்டாயம், அதில் சீரியல் நம்பர் எழுதியிருக்க வேண்டும். அந்த நம்பரைக் கம்பெனி இணையப் பக்கத்தில் போட்டு வாரன்டி காட்டுகிறதா என்று அன்றே பாருங்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேரில் எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை ஜி.பி எழுதியது என்று தெரியும். புது டிரைவ் என்று விற்றதில் நூற்றுக்கணக்கான மணி நேரம் காட்டினால் திருப்பிக் கொடுங்கள். ஆன்லைனில் இரண்டாயிரம் ரூபாய்க்கு 16 டி.பி எக்ஸ்டர்னல் எஸ்.எஸ்.டி என்று வருவதெல்லாம் போலி. உள்ளே சின்ன மெமரி கார்டை வைத்து, பெரிய அளவு காட்டும்படி மாற்றியிருப்பார்கள். நிரம்பியதும் பழைய ஃபைல்கள் மேலேயே எழுதிவிடும்.

எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் வேண்டுமா என்று கேட்டீர்களே, அதற்கு வேண்டும் என்பேன். விளையாட இல்லை, கேமைப் பத்திரமாக வைக்க. ஸ்டீமில் (கேம் வாங்கி இறக்கும் சாஃப்ட்வேர்) கேம் இருக்கும் ஃபோல்டரை அப்படியே எக்ஸ்டர்னலுக்குக் காப்பி செய்து வைத்துக்கொள்ளலாம். பிறகு வேண்டும்போது ஸ்டீம்ஆப்ஸுக்குள் காமன் என்ற ஃபோல்டரில் திரும்பப் போட்டு இன்ஸ்டால் கொடுத்தால், இருக்கும் ஃபைல்களைத் தானே கண்டுபிடித்துக்கொண்டு, குறையும் கொஞ்சத்தை மட்டும் இறக்கும். 150 ஜி.பி.க்குப் பதில் சில ஜி.பி.யில் முடியும். ஹாஸ்டலில் இன்னொரு வழியும் உண்டு. 2023-இல் இருந்து ஸ்டீமில், ஒரே வைஃபையிலோ கேபிளிலோ இருக்கும் இன்னொரு லேப்டாப்பில் இருந்து கேமை நேராக இழுத்துக்கொள்ளலாம். கேமை நீங்களும் வாங்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான். அறை நண்பர் ஒருவர் இறக்கினால் மற்றவர் இழுத்துக்கொள்ளலாம்.

காலேஜ் ப்ராஜெக்ட், வீட்டுப் போட்டோக்கள் இவற்றின் பிரதியும் அந்த ஹார்டு டிஸ்கில் இருக்கட்டும். எஸ்.எஸ்.டி பெரும்பாலும் முன்னறிவிப்பு இல்லாமல் நின்றுபோகும், அப்புறம் உள்ளே இருந்ததை மீட்பது கஷ்டம், செலவும் அதிகம். எஸ்.எஸ்.டி.யில் போட்டு வருஷக்கணக்கில் பீரோவில் பூட்டி வைப்பதும் சரியில்லை. மின்சாரமே காட்டாமல் வைத்தால், அதுவும் சூட்டில், செல்லில் இருக்கும் சார்ஜ் மெல்லக் கசியும். தேய்ந்த டிரைவில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

இரண்டாவது டிரைவைப் போடும் நாளுக்குச் சில குறிப்புகள். மூடியைத் திறக்கும் முன் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பிட்லாக்கர் (டிரைவைப் பூட்டும் விண்டோஸ் வசதி) ரெக்கவரி கீயை எடுத்துப் பேப்பரில் எழுதி வையுங்கள். இப்போதைய விண்டோஸ் 11 லேப்டாப்களில் நீங்கள் கேட்காமலே டிரைவைப் பூட்டி வைத்திருக்கும், ஏதாவது மாறினால் கீயைக் கேட்கும். சார்ஜரைப் பிடுங்கி, முழுக்க ஆஃப் செய்து, உள்ளே பேட்டரி கனெக்டரையும் கழற்றிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். டிரைவைச் சாய்த்துச் செருகி, அழுத்திப் படுக்க வைத்து, ஸ்க்ரூவை அளவாகத் திருகுங்கள். ஆன் செய்ததும் 'திஸ் பி.சி'யில் புது டிரைவ் தெரியாது, பதறி கடைக்கு ஓட வேண்டாம். டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்து, ஜி.பி.டி என்று தேர்ந்து, என்.டி.எஃப்.எஸ்ஸில் ஃபார்மேட் செய்தால் வந்துவிடும். பிறகு ஸ்டீம் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதிக்குப் போய் அந்த டிரைவைச் சேர்த்து, பெரிய கேம்களை 'மூவ்' கொடுத்து அங்கே மாற்றுங்கள். விண்டோஸ் பழைய டிரைவிலேயே இருக்கட்டும், அதை அப்படியே பிரதி எடுக்கும் குளோன் வேலையே தேவைப்படாது.